‘அப்கிரேடு முடிந்தது’ என்று யார் சொல்வது?

டேட்டாபேஸ் கண்காணிப்பு மென்பொருள்களின் அப்கிரேடு வழிமுறைகளை வரிசையா எடுத்துப் படிச்சுக்கிட்டிருந்தேன். பெர்கோனா நிறுவனத்தின் பிஎம்எம், ஸாபிக்ஸ், அப்புறம் ப்ரொமீதியஸோடு சேர்ந்து ஓடும் எக்ஸ்போர்ட்டர்கள். ஒவ்வொன்றுக்கும் அதனதன் நுணுக்கம் இருந்தாலும் சாரம் ஒன்றுதான்: ரெப்போவைச் சேர், பட்டியலைப் புதுப்பி, பேக்கேஜை நிறுவு. டெபியன், உபுண்டு என்றால் ஏப்ட். ரெட்ஹேட் குடும்பம் என்றால் யம் அல்லது டிஎன்எஃப். கடைசி வரியில் பிழை எதுவும் வராமல் ப்ராம்ப்ட் திரும்பி வந்துவிட்டால் வேலை முடிந்தது.

என் விமர்சனம் அந்த ‘முடிந்தது’ மேல்தான். பேக்கேஜ் மேனேஜர் ‘முடிந்தது’ என்று சொல்வது கோப்புகளைப் பற்றி. நமக்குத் தெரியவேண்டியதோ கண்காணிப்பு நடக்கிறதா என்பது. இரண்டும் ஒன்றில்லை. மற்ற மென்பொருள்களில் இந்த வித்தியாசம் பெரிதாக உறுத்தாது. வெப் சர்வர் உடைந்தால் ஐந்து நிமிஷத்தில் யாராவது ஃபோன் பண்ணிடுவாங்க. கண்காணிப்பு உடைந்தால் யார் ஃபோன் பண்ணுவது? ஃபோன் பண்ணவேண்டியதே அதுதானே! ராத்திரி அலாரம் வரவில்லை என்றால், ஒன்று எல்லாம் நன்றாக இருக்கிறது, இல்லையென்றால் பார்ப்பதற்கே ஆள் இல்லை. இரண்டும் வெளியிலிருந்து ஒரே மாதிரிதான் தெரியும்.

முதலில் நியாயமாகப் பேசிவிடுவோம்

பேக்கேஜ் மேனேஜரைத் திட்டுவது என் நோக்கமில்லை. டார் கோப்பை இறக்கி ‘ஆப்ட்’ ஃபோல்டரில் பிரித்துப் போட்டுவிட்டுப் போகும் பழக்கத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். எந்த சர்வரில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று ஒரே கட்டளையில் தெரியும். கையொப்பம் சரிபார்க்கப்படும். சார்ந்திருக்கும் பேக்கேஜ்களும் சேர்ந்து வரும். நீங்கள் கையால் திருத்திய கான்ஃபிக் கோப்பைக் கேட்காமல் அழிக்காது. டெபியனில் டிபிகேஜி ‘பழையதா, புதியதா’ என்று கேட்கும். ஆர்பிஎம்மில், பேக்கேஜ் செய்தவர் ‘மாற்றாதே’ என்று குறித்திருந்தால், புதிய கோப்பு ‘ஆர்பிஎம்நியூ’ என்ற வாலோடு பக்கத்தில் வந்து உட்காரும். இதெல்லாம் பல வருஷ அனுபவத்தில் விளைந்த நல்ல ஏற்பாடுகள்.

ஆனா இவை எல்லாமே ஒரு இயந்திரத்துக்குள், ஒரு பேக்கேஜைப் பற்றிய விஷயங்கள். கண்காணிப்பு என்பது அப்படி ஓர் இடத்தில் இருக்கிற பொருள் இல்லை. ஏஜென்ட் ஓர் இடத்தில், அது பேசவேண்டிய மைய சர்வர் இன்னோர் இடத்தில், அது கேள்வி கேட்கவேண்டிய டேட்டாபேஸ் மூன்றாவதாக, அலாரம் விதிகள் நான்காவதாக. நான்கும் ஒன்றையொன்று புரிந்துகொண்டால்தான் கண்காணிப்பு. பேக்கேஜ் மேனேஜர் இதில் ஒரு மூலையை மட்டும் மாற்றிவிட்டு ‘ஆச்சு’ என்கிறது.

‘எல்லாம் புதுசு’ என்ற பதில்

மேம்படுத்தப் புதிய பதிப்பு எதுவும் இல்லை என்று ஏப்ட் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? எனக்குத் தெரிந்த பதிப்புகளுக்குள், எனக்குத் தெரிந்த பெயரில், இதைவிடப் புதியது இல்லை. அவ்வளவுதான்.

பிஎம்எம் 3 வந்தது 2025 ஜனவரியில். இரண்டாம் பதிப்பில் கிளையன்ட் பேக்கேஜின் பெயர் ‘பிஎம்எம்2-கிளையன்ட்’. மூன்றாம் பதிப்பில் வெறும் ‘பிஎம்எம்-கிளையன்ட்’. ரெப்போவும் வேறு, ‘பெர்கோனா-ரிலீஸ்’ என்ற கருவியால் அதைத் தனியாக இயக்கிவிட வேண்டும். ஆகவே வாராவாரம் ஒழுங்காக அப்கிரேடு ஓடும் சர்வர், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பழைய தலைமுறையிலேயே நிற்கும். பெயர் மாற்றத்தில் தவறில்லை. பெரிய பதிப்பு தானாக ஏறிவிடக் கூடாது என்பதற்கு அது ஒரு தடுப்புச் சுவர். ஆனா அந்தச் சுவர் இருப்பதை ஏப்ட் உங்களுக்குச் சொல்லாது.

இரண்டாவது வழி, கையொப்பச் சாவி காலாவதியாவது. வெளி ரெப்போவின் சாவி காலாவதியானால், ‘ஏப்ட் அப்டேட்’ ஒரு எச்சரிக்கையை அச்சிட்டுவிட்டு, பழைய பட்டியலையே வைத்துக்கொள்ளும். வெளியேறும் குறியீடு பூஜ்யம், அதாவது வெற்றி. கையால் ஓட்டினால் எச்சரிக்கை கண்ணில் படும். ஸ்கிரிப்ட்டில் ஓட்டினால் அடுத்த வரிக்குப் போய்விடும். அங்கே ‘புதியது எதுவும் இல்லை’. எச்சரிக்கையையும் பிழையாக எடுத்துக்கொள்ளச் சொல்லும் ‘எரர்-ஆன்’ என்ற விருப்பம் புதிய ஏப்ட் பதிப்புகளில் உண்டு. அதை யாராவது கேட்டுப் போட்டால்தான் உண்டு.

மூன்றாவது, ஒரே பெயரில் இரண்டு பேக்கேஜ். ஸாபிக்ஸ் தன் பேக்கேஜ்களைத் தானே வெளியிடுகிறது. ரெட்ஹேட் குடும்பத்துக்கான கூடுதல் ரெப்போவான எபெல்லிலும் ஸாபிக்ஸ் பேக்கேஜ்கள் இருக்கின்றன. இரண்டும் இயங்கினால் டிஎன்எஃப் எதை எடுக்கும் என்பது பதிப்பு எண்ணையும் முன்னுரிமையையும் பொறுத்தது. அதனால்தான் எபெல்லில் ஸாபிக்ஸ் பேக்கேஜ்களை விலக்கிவிடச் சொல்லி ஸாபிக்ஸ் ஆவணமே சொல்கிறது. இது நல்ல ஆவணம். ஆனா அந்தக் குறிப்பு முதல் நிறுவல் பக்கத்தில் இருக்கும் விஷயம். சர்வரை இன்னொருவரிடமிருந்து வாங்கி அப்கிரேடு பண்ண வந்தவர் அந்தப் பக்கத்தைத் திறக்க என்ன காரணம்?

முன்னே யார், பின்னே யார்

பிஎம்எம்மில் முதலில் மைய சர்வர், பிறகுதான் கிளையன்ட்கள். ஸாபிக்ஸிலும் பழைய ஏஜென்ட் புதிய சர்வரோடு பேசும். சர்வரைவிடப் புதிய ஏஜென்ட்டுக்கு உத்தரவாதம் இல்லை. இந்த வரிசை பேக்கேஜ் மேனேஜருக்குத் தெரியாது. அதன் ‘சார்பு’ என்ற கருத்து ஒரே இயந்திரத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும். இன்னொரு ஊரில் இருக்கும் சர்வரில் என்ன பதிப்பு இருக்கிறது என்று அது கேட்பதில்லை, கேட்கவும் முடியாது. 40 டேட்டாபேஸ் சர்வர்களில் ஏஜென்ட் ஒரே ராத்திரியில் புதிதாகி, மையம் மட்டும் பழையதாக நின்றால், 40 இடத்திலும் ‘வெற்றி’ என்றுதான் பதிவாகியிருக்கும்.

திரும்பி வருவதும் சுலபமில்லை. ஸாபிக்ஸ் சர்வரின் புதிய பதிப்பு முதல்முறை எழும்போதே தன் டேட்டாபேஸ் அமைப்பைத் தானாக மாற்றிவிடும். அதற்கப்புறம் பழைய பேக்கேஜை மறுபடி நிறுவினால் புரோகிராம் பழையது, டேட்டாபேஸ் புதியது. முன்கூட்டி எடுத்த பேக்கப் இல்லாமல் அங்கிருந்து திரும்ப வழியில்லை. டிஎன்எஃப்பில் ‘அன்டூ’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. பெயரைப் பார்த்து நம்பிவிடக் கூடாது. அது திருப்புவது பேக்கேஜை மட்டும்தான்.

டேட்டாபேஸுக்குள் நடப்பது

எனக்கு முக்கியமாகப் படுவது இந்தப் பகுதி. கண்காணிப்பு ஏஜென்ட் டேட்டாபேஸிடம் கேள்வி கேட்டுத்தான் எல்லாவற்றையும் தெரிந்துகொள்கிறது. கேட்க அனுமதி வேண்டும். கேட்கும் மொழியும் பொருந்த வேண்டும்.

அனுமதியை எடுத்துக்கொள்வோம். மைஎஸ்க்யூஎல் எக்ஸ்போர்ட்டருக்கு ‘ப்ராசஸ்’, ‘ரெப்ளிகேஷன் கிளையன்ட்’, ‘செலக்ட்’ ஆகிய உரிமைகள் வேண்டும். இதில் ரெப்ளிகேஷன் உரிமை மட்டும் விடுபட்டால் என்ன ஆகும்? எக்ஸ்போர்ட்டர் ஓடும். இணைப்பு எண்ணிக்கை, கேள்வி எண்ணிக்கை எல்லாம் வரும். டேஷ்போர்டு நிறைய வண்ணக் கோடுகள் இருக்கும். ரெப்ளிகா எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்ற ஒரு கட்டம் மட்டும் காலி. போஸ்ட்கிரெஸிலும் இதே கதை: 10-ஆம் பதிப்பிலிருந்து இதற்கென்றே ‘பிஜி_மானிட்டர்’ என்ற ரோல் இருக்கிறது. அது இல்லாத கணக்கில் போனால் மற்றவர்கள் ஓட்டும் கேள்விகளின் வாசகம் தெரியாது. புதிய ஏஜென்ட் புதிதாக ஒன்றைக் கேட்க ஆரம்பித்தால் அதற்கான உரிமையை டேட்டாபேஸுக்குள் போய் யாராவது கொடுக்க வேண்டும். எந்த பேக்கேஜும் உங்கள் டேட்டாபேஸில் நுழைந்து உரிமை கொடுக்காது. கொடுக்கவும் கூடாது.

அடுத்தது மொழி. மைஎஸ்க்யூஎல்லில் ரெப்ளிகேஷன் நிலையைக் கேட்கும் பழைய கட்டளை ‘ஷோ ஸ்லேவ் ஸ்டேட்டஸ்’. 8.0.22-இல் ‘ஷோ ரெப்ளிகா ஸ்டேட்டஸ்’ என்ற புதிய வடிவம் வந்தது. 2024-இல் வந்த 8.4-இல் பழையது அடியோடு நீக்கப்பட்டது. போஸ்ட்கிரெஸ் 13-இல் ‘பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ்’ பட்டியலில் ‘டோட்டல்_டைம்’ என்ற பத்தி ‘டோட்டல்_எக்ஸெக்_டைம்’ ஆனது. 17-இல் செக்பாயின்ட் பற்றிய பத்திகள் ‘பிஜி_ஸ்டாட்_பிஜிரைட்டர்’ என்ற வியூவிலிருந்து வேறொரு வியூவுக்குக் குடிபோயின. பழைய கேள்வியோடு வரும் ஏஜென்ட்டுக்கு ‘அப்படி ஒரு பத்தி இல்லை’ என்று பதில் கிடைக்கும். அது ஒரு லாக் கோப்பில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடும்.

‘அப்போ ஏஜென்ட்டை அப்கிரேடு பண்ணாமலேயே விட்டுடலாமே’ என்று நினைப்பவர்களுக்கும் இதுதான் பதில். நீங்கள் ஏஜென்ட்டைத் தொடாவிட்டாலும் டேட்டாபேஸ் நகர்ந்துகொண்டே இருக்கும். சும்மா இருப்பதும் இங்கே ஒரு முடிவுதான். அதற்கும் விலை உண்டு.

பெயர் மாறினால் அலாரம் தூங்கிவிடும்

2018-இல் ப்ரொமீதியஸின் நோட் எக்ஸ்போர்ட்டர் 0.16 வந்தபோது ஏராளமான அளவைகளின் பெயர் மாறியது. ‘நோட்_சிபியு’ என்பது ‘நோட்_சிபியு_செகண்ட்ஸ்_டோட்டல்’ ஆனது. ‘நோட்_ஃபைல்சிஸ்டம்_ஃப்ரீ’ என்பதன் வாலில் ‘பைட்ஸ்’ ஒட்டிக்கொண்டது. மாற்றத்துக்குக் காரணம் நல்லதுதான்: எந்த அலகு என்பது பெயரிலேயே தெரிய வேண்டும். வெளியீட்டுக் குறிப்பிலும் தெளிவாகச் சொன்னார்கள். டெபியன் 9-இல் இருந்தது 0.13, டெபியன் 10-இல் இருந்தது 0.17. ஆக, இயங்குதளத்தை ஒரு படி ஏற்றியவர்கள், எக்ஸ்போர்ட்டரை நினைத்துக்கூடப் பார்க்காமல் இந்தக் கோட்டைத் தாண்டியிருப்பார்கள்.

இப்போ ‘டிஸ்க்கில் 10 சதவீதத்துக்குக் கீழே இடம் இருந்தால் எழுப்பு’ என்று பழைய பெயரில் ஒரு விதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தப் பெயரில் இனி தரவே இல்லை. ப்ரொமீதியஸ் அதைப் பிழையாகப் பார்க்காது. விதி சரியான வாக்கியம்தான், விடை மட்டும் காலி. காலி விடைக்கு அலாரம் அடிக்காது. டிஸ்க் நிரம்பும், டேட்டாபேஸ் எழுத முடியாமல் நிற்கும், அலாரம் பக்கத்தில் எல்லாம் பச்சை.

இதற்கு நேர்மாறான ஒரு உதாரணமும் சொல்ல வேண்டும். மைஎஸ்க்யூஎல் எக்ஸ்போர்ட்டர் 0.15-இல், இணைப்பு விவரம் முழுவதையும் ஒரே சூழல் மாறியில் கொடுக்கும் பழைய முறையை எடுத்துவிட்டார்கள். அதை நம்பியிருந்தவர்களுக்கு அப்கிரேடு முடிந்ததும் எக்ஸ்போர்ட்டர் எழுந்திருக்கவே இல்லை. எரிச்சல்தான். ஆனா என்னைக் கேட்டால் இதுவே மரியாதையான உடைதல். சத்தம் போட்டு விழுந்தது, அன்றைக்கே சரிபண்ணிவிடலாம். முதல் உதாரணத்தில் எக்ஸ்போர்ட்டர் சௌக்கியமாக ஓடிக்கொண்டே அலாரத்தைத் தூங்க வைத்துவிட்டது. எந்த மாற்றம் சத்தமாக உடையும், எது ஓசையில்லாமல் உடையும் என்று வெளியீட்டுக் குறிப்புகள் பிரித்துச் சொல்வதில்லை. ‘இணக்கத்தை உடைக்கும் மாற்றங்கள்’ என்று ஒரே தலைப்பில் இரண்டையும் போட்டுவிடுகிறார்கள். என் முக்கியமான குறை இது.

இது கற்பனை பயம் இல்லை

2017 ஜனவரி 31-இல் கிட்லேப்.காமில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். தவறான சர்வரில் டேட்டாபேஸ் டைரக்டரி அழிக்கப்பட்டது. அதைவிட எனக்குப் பாடமாகத் தெரிவது, பேக்கப்பைத் தேடிப் போனபோது அங்கே எதுவும் இல்லாததுதான். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6. பேக்கப் எடுக்க ஓடியதோ 9.2-இன் டம்ப் கருவி. அவர்களின் பேக்கேஜுக்குள் இரண்டு பதிப்பும் இருந்தது. எந்தப் பதிப்பு என்று டேட்டா டைரக்டரியைப் பார்த்து முடிவுசெய்யும். பேக்கப் ஓடிய சர்வரில் அந்த டைரக்டரி இல்லாததால் பழையதை எடுத்துக்கொண்டது. பதிப்பு பொருந்தவில்லை என்று டம்ப் ஒவ்வொரு முறையும் தோற்றது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்கள் டிமார்க் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஒரு பொறியாளர் சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன்னால் கையால் எடுத்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். இவ்வளவையும் அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். அதற்கு அவர்களைப் பாராட்ட வேண்டும்.

அது பேக்கப் விவகாரம், கண்காணிப்பு இல்லை. ஆனா உடைந்த விதம் அதேதான். பேக்கேஜ் சரியாக நிறுவப்பட்டிருந்தது. எதிர்முனையோடு பொருந்தவில்லை. பொருந்தவில்லை என்ற செய்தி வந்துசேரும் வழியும் அடைபட்டிருந்தது.

‘எல்லாத்தையும் கன்டெய்னர்ல போட்டா இந்தத் தொல்லை இல்லையே’ என்று ஒரு கட்சி உண்டு. கோப்புச் சண்டைகள் குறையும், உண்மை. ஆனா மேலே சொன்னதில் அனுமதி, கேள்வியின் மொழி, அளவையின் பெயர், முன்பின் வரிசை எதுவுமே கன்டெய்னருக்குள் இல்லை. போதாக்குறைக்கு ‘லேட்டஸ்ட்’ என்று டேக் போட்டுவிட்டால், எப்போது எது மாறியது என்று பேக்கேஜ் மேனேஜர் வைத்திருந்த வரலாறும் போய்விடும்.

அப்போ என்னதான் செய்வது

நான் கடைப்பிடிக்கும் முறை பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

ஒன்று, கண்காணிப்பதையும் கண்காணிக்கப்படுவதையும் ஒரே கட்டளையில் ஏற்றக் கூடாது. மொத்த ‘ஏப்ட் அப்கிரேடு’ ஓட்டினால் டேட்டாபேஸும் ஏஜென்ட்டும் ஒரே நிமிஷத்தில் மறுபடி எழும். எது எதனால் உடைந்தது என்று பார்க்க வேண்டிய அந்த நிமிஷத்தில்தான் வரைபடத்தில் ஓட்டை விழும். ‘ஏப்ட்-மார்க் ஹோல்ட்’ போட்டு ஒன்றை நிறுத்திவைக்கலாம். டிஎன்எஃப்புக்கு ‘வெர்ஷன்லாக்’.

இரண்டு, ஏற்றுவதற்கு முன் அந்த ஏஜென்ட் தரும் அளவைகளின் பெயர்களை ஒரு கோப்பில் எடுத்து வைத்துக்கொள்வது. எக்ஸ்போர்ட்டர் என்றால் அதன் பக்கத்தை ஒரு முறை இறக்கினால் போதும். ஏற்றிய பின் மறுபடி எடுத்து ‘டிஃப்’ போட்டால், காணாமல் போன பெயர்கள் பளிச்சென்று தெரியும். அதில் எவை அலாரம் விதிகளில் இருக்கின்றன என்று தேடுவது இரண்டு நிமிஷ வேலை.

மூன்று, ஒரே ஒரு சர்வரில் ஏற்றிவிட்டு ஒரு நாள் விடுவது. வாரக் கடைசி பேக்கப், நள்ளிரவு வேலைகள் எல்லாம் அந்த ஏஜென்ட்டின் கண்ணில் படுகிறதா என்று பார்க்கத்தான்.

நான்கு, ஒத்திகை. பச்சை விளக்கை நம்புவதைவிட நாமே வேண்டுமென்று ஒரு தொந்தரவு கொடுத்துப் பார்ப்பது. சோதனைச் சர்வரில் 30 வினாடி தூங்கும் ஒரு கேள்வியை ஓட்டுங்கள். மெதுவான கேள்விகள் பட்டியலில் அது வருகிறதா? ரெப்ளிகேஷனை ஒரு நிமிஷம் நிறுத்துங்கள், ஃபோன் அடிக்கிறதா? பிஎம்எம்மில் ‘பிஎம்எம்-அட்மின் லிஸ்ட்’ கொடுத்தால் ஏஜென்ட்கள் ஓடுவதாகக் காட்டும். அது தேவையான சோதனை, போதுமான சோதனை இல்லை. ஃபோன் அடிக்கிற வரைக்கும் எனக்கு அப்கிரேடு முடியவில்லை.

ஐந்து, எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கும் ஒரு அலாரம். குபெர்னெட்டிஸுக்கான ப்ரொமீதியஸ் தொகுப்பில் ‘வாட்ச்டாக்’ என்று ஒன்று உண்டு. அது எந்தப் பிரச்சினைக்கும் இல்லாமல் சும்மா அடித்துக்கொண்டே இருக்கும். அது நின்றால்தான் பிரச்சினை. நின்றதைக் கவனிக்க வெளியே வேறொரு சேவை வேண்டும். தெருவில் இரவுக் காவலர் விசில் ஊதிக்கொண்டு போவது இதற்குத்தான். திருடனை விரட்ட மட்டும் இல்லை, ‘நான் இருக்கேன்’ என்று சொல்லவும். கூடவே, முக்கியமான ஒவ்வொரு அளவைக்கும் ‘இது இல்லாமல் போனால் எழுப்பு’ என்று ‘ஆப்சென்ட்’ விதி ஒன்று.

இதையெல்லாம் பயன்படுத்துபவர்தான் செய்ய வேண்டுமா என்று கேட்டால், இல்லை. மென்பொருள் எழுதுபவர்களிடம் நான் கேட்பது இரண்டே விஷயம். நிறுவிய பிறகு ஓட்ட ஒரு சோதனைக் கட்டளை தாருங்கள்: எனக்குக் கொடுத்த கணக்கில் எந்தெந்தக் கேள்விகளுக்கு விடை வந்தது, எவற்றுக்கு வரவில்லை, ஏன் என்று பட்டியலிட்டு, ஒன்று குறைந்தாலும் தோல்விக் குறியீட்டோடு வெளியேற வேண்டும். அப்போது ஸ்கிரிப்ட்டும் அதை நம்பி நிற்கலாம். அடுத்து, வெளியீட்டுக் குறிப்பில் ஓசையில்லாமல் உடையக்கூடியவற்றுக்குத் தனித் தலைப்பு கொடுங்கள். பழைய பெயர், புதிய பெயர் என்று இரண்டு பத்திப் பட்டியல் போதும்.

பேக்கேஜ் மேனேஜர் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. கோப்பு வந்துவிட்டது என்று அது சொல்வதும் உண்மைதான். அதற்கு அடுத்த வரியை எழுத வேண்டியது அப்கிரேடு பக்கம். இன்றைக்கு அந்தப் பக்கங்கள் பெரும்பாலும் அந்த வரிக்கு முன்னாலேயே நின்றுவிடுகின்றன.